ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை: டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

மருந்தகத்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எங்களிடம் வருகிற கேள்விகள் பலவும், சற்று முன்பு டாக்டர் அறையில் கேட்டிருக்க வேண்டியவை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் என்றால் இது இன்னும் அதிகம். சீட்டில் அசிட்ரோம், வார்ஃப் (வார்ஃபரின் மருந்தின் ஒரு பிராண்ட்), டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என எந்தப் பெயர் இருந்தாலும், "இதைப் போட்டே ஆகணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளையும், அவற்றை டாக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதையும் இங்கே எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்களைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அவர் முன்னால் போய் உட்காரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்தான் இவை.

மாத்திரை எழுதிக்கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. எதற்கு என்று அன்றே கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரா?

நினைக்க மாட்டார். கேட்காமலே இருப்பதுதான் பிரச்சினை. பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக இதைத் தருகிறார்கள். ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. இதில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். இரண்டு, காலின் ஆழமான ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ஏற்பட்ட ரத்தக்கட்டி. மூன்று, இதயத்தில் பொருத்திய உலோக வால்வு.

எந்தக் காரணம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு காலம் என்பதும் புரியும். ஆபரேஷனுக்குப் பிறகு காலில் வந்த கட்டிக்குப் பெரும்பாலும் 3 மாதம் போதும். உலோக வால்வுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும். "மூணு மாசம்தான்னு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னாங்களே" என்று வால்வு மாற்றியவர் நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த நோய்க்கு, எவ்வளவு காலம், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) எவ்வளவு இருக்க வேண்டும், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது.

ரத்தம் தண்ணீர் மாதிரி ஆகிவிடுமா? உடம்பு பலவீனமாகுமா?

இல்லை. ரத்தத்தின் அடர்த்தி அப்படியேதான் இருக்கும், உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடுகிறது. மாத்திரை ஆரம்பித்த பிறகு சோர்வாக இருந்தால், "இந்த மாத்திரைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து ரத்தசோகை வந்திருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் ஹீமோகுளோபின் பார்ப்பார்.

வார்ஃபரின் எலி மருந்து என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கும் அவருடைய குழுவினரும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

எலிக்கு வைப்பது அளவு மீறிய மருந்து. உங்களுக்குக் கொடுப்பது ரத்தப் பரிசோதனை செய்து, அளந்து, திருத்திக் கொடுக்கும் மருந்து. இந்தப் பயம் உங்களுக்கு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம். அவர் கேட்காத பயம் இல்லை அது.

எனக்குப் பயமாக இருப்பதால் பாதி மாத்திரைதான் போடுகிறேன். சில நாள் போடுவதே இல்லை. சொன்னால் திட்டுவாரோ?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அசிட்ரோம், வார்ஃப் போன்றவற்றுக்கு அளவை முடிவு செய்வது ஐஎன்ஆர் பரிசோதனையை வைத்து. மருந்து எதுவும் எடுக்காதவருக்கு ஐஎன்ஆர் ஏறக்குறைய 1. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் காலில் கட்டி வந்தவர்களுக்கும் வழக்கமாக 2 முதல் 3 வரை வைப்பார்கள். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். டாக்டர் 2 மி.கி. எழுதியிருக்கிறார், நீங்கள் 1 மி.கி. போடுகிறீர்கள். ரிப்போர்ட்டில் ஐஎன்ஆர் 1.4 வருகிறது. நீங்கள் முழுதாகப் போடுவதாக நம்பி, இந்த அளவு போதவில்லை என்று அவர் 3 ஆக உயர்த்துகிறார். வீட்டில் மகள் வந்து தங்குகிறாள், "டாக்டர் சொன்னபடி ஒழுங்காப் போடும்மா" என்று பெட்டியில் நாள்வாரியாக அடுக்கிக் கொடுக்கிறாள். நீங்களும் 3 மி.கி. விடாமல் போடுகிறீர்கள். ஐஎன்ஆர் 5, 6 என்று ஏறி ஈறில் ரத்தம் வர ஆரம்பிக்கிறது. "பாத்தியா, நான் பயந்த மாதிரியே ஆச்சு" என்று அப்போது தோன்றும். ஆனால் மாத்திரையால் மட்டும் வந்ததல்ல இது. டாக்டருக்கு நீங்கள் சொல்லாத பாதி மாத்திரைதான் அவரைத் தவறான அளவுக்குக் கொண்டுபோனது.

அதனால் தவறவிட்டதைத் தவறவிட்டதாகவே சொல்லுங்கள். "போன வாரம் மூணு நாள் போடல டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் கோபப்படலாம், உண்மைதான். இரண்டு நிமிடக் கோபம் அது. தாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் அறையில் கூட்டம். இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது?

முதல் வாக்கியத்திலேயே பயத்தைச் சொல்லிவிடுங்கள். கை கால் வலி, தூக்கமின்மை எல்லாம் சொல்லி முடித்து, கதவுப் பக்கம் போய்த் திரும்பி "அப்புறம் டாக்டர், அந்த மாத்திரை..." என்று ஆரம்பித்தால் அடுத்த பேஷன்ட் உள்ளே வந்திருப்பார்.

என்ன பயம் என்பதைக் குறிப்பாகச் சொல்வது முக்கியம். "பயமா இருக்கு" என்றால் அவர் "ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார். "எங்க பெரியப்பா இதைப் போட்டுக்கிட்டிருந்தப்பதான் மூளையில ரத்தம் கசிஞ்சு இறந்தார். எனக்கும் அப்படி ஆகுமோன்னு ராத்திரி தூக்கம் வரல" என்றால் அவர் பேசும் விதமே மாறும். பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருந்ததா, குடிப்பழக்கம் இருந்ததா, கூடவே ஆஸ்பிரினும் போட்டாரா என்று கேட்பார். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுகிறவை அவைதான். அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

பிறகு இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "இதைப் போடாட்டி எனக்கு என்ன ஆக வாய்ப்பு அதிகம்?" "போட்டா ரத்தக்கசிவு வர எனக்கு என்ன காரணங்கள் இருக்கு?" முதல் கேள்விக்கான பதில் தெரியாமல் இரண்டாவதை மட்டும் யோசிப்பதால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, பொடி, லேகியம், டிவி விளம்பரம் பார்த்து வாங்கியது எல்லாமே. கடைசி சில ஐஎன்ஆர் ரிப்போர்ட்டுகளை தேதி வரிசையில் வைத்திருங்கள். "திங்கள், புதன், வெள்ளி 2, மற்ற நாள் 1" என்று அளவு மாறி மாறி இருந்தால் அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்ஸோ நாங்களோ எழுதித் தருவோம்.

ஐஎன்ஆர் டெஸ்ட்டே வேண்டாத புது மாத்திரை இருக்கிறதாமே. மாற்றித் தரச் சொல்லலாமா?

தாராளமாகக் கேட்கலாம். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவற்றுக்கு அடிக்கடி ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை, கீரையை அளவு பார்த்துச் சாப்பிட வேண்டியதும் இல்லை, மூளையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பும் வார்ஃபரினைவிடக் குறைவு. உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. விலை ஒரு தடையாக இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாங்க முடியாத மாத்திரையை எழுதிக்கொண்டு போய், மாதத்தில் பத்து நாள் விட்டுவிடுவது எதற்கும் உதவாது.

ஆனால் முக்கியமாக இரண்டு வகையினருக்கு இவை கூடாது. உலோக வால்வு பொருத்தியவர்கள் முதல் வகை. டாபிகாட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. ரூமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியவர்கள் இரண்டாவது வகை. நம் ஊரில் இவர்கள் நிறைய. ரூமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருந்த சுமார் 4,500 பேரிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. எனவே "உங்களுக்கு அசிட்ரோம்தான்" என்று டாக்டர் சொன்னால், பழைய மருந்தைத் தலையில் கட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். என் வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், காரணம் அதில் இருக்கும்.

புது மாத்திரைக்கும் கணக்குகள் உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பார்க்க வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி. ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. விரதம் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டிச் சாப்பிடக் கூடாது, அட்டையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டும் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் கெடும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களாக மாறவே கூடாது. கடையில் அசிட்ரோம் இல்லை, வார்ஃப்தான் இருக்கிறது என்றால்கூட அதே மி.கி. வாங்கிப் போடாதீர்கள். இரண்டும் வேறு மருந்துகள், அளவும் வேறு.

முருங்கைக்கீரையை ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். வார்ஃபரினும் அசிட்ரோமும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. கீரைகள், முட்டைக்கோஸ், கொத்தமல்லி போன்றவற்றில் வைட்டமின் கே அதிகம். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடிதான் டாக்டர் மருந்தளவை வைக்கிறார். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் அப்படியே தொடருங்கள். ஊரில் முருங்கை மலிந்துவிட்டது என்று பத்து நாள் தொடர்ந்து பொரியல் செய்வதும், யாரோ சொன்னார் என்று திடீரென அடியோடு நிறுத்துவதும்தான் ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும். காய்ச்சலில் கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்தாலும், வயிற்றுப்போக்கு நீடித்தாலும் ஐஎன்ஆர் ஏறலாம். அப்போது ஒரு முறை கூடுதலாகப் பரிசோதிக்கலாமா என்று போனில் கேளுங்கள்.

சமையலில் போடும் பூண்டு, இஞ்சி, மஞ்சளால் பிரச்சினை இல்லை. அவற்றையே கேப்ஸ்யூலாகவும் சாறாகவும் தினமும் எடுப்பது வேறு விஷயம், டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் என்ன செய்வது?

கவுண்டரில் எங்களைக் கவலைப்படவைக்கும் விஷயம் இதுதான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். அந்தப் புண்ணிலிருந்து வரும் ரத்தம் இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எளிதில் நிற்காது. "ரெண்டு வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்கும்போதே நீங்கள் எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். குறைந்த அளவு பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. அதையும் அதிக அளவில் நாள்கணக்கில் எடுத்தால் ஐஎன்ஆர் ஏறும்.

அடுத்து ஊசி. காய்ச்சல் என்றால் இடுப்பில் ஒரு ஊசி போட்டால்தான் நிம்மதி என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ரத்தம் உறையாத மருந்து எடுப்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டி, காலே வீங்கிவிடலாம். தெரு முனை கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் இருக்கிறது. அதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். இந்த மாத்திரையும் சேர்ந்தால் இரட்டை அபாயம் என்பதால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மாத்திரையைத் தொடர்வதா என்பதை இதய டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஆன்டிபயாடிக்கிலும் கவனம் தேவை. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குத் தரும் ஃபுளுகோனசோல் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக வெகுவாகக் குறைக்கும், புது மாத்திரைகளையும் சேர்த்துத்தான்.

அப்பாவுக்கு 80 வயது. அடிக்கடி தடுமாறி விழுகிறார். தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று பயந்து நிறுத்திவிட நினைக்கிறோம்.

பிள்ளைகளின் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் வயது கூடக் கூட, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால் வரும் பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. 1999இல் வெளியான ஒரு கணக்கீடு, சராசரி பக்கவாத ஆபத்துள்ள முதியவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 295 முறை விழுந்தால்தான் வார்ஃபரினின் நன்மையை விழுவதால் வரும் தீமை மிஞ்சும் என்று காட்டியது. கணக்கு கணக்குதான், உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், கல்லீரல் கெட்டவர் என்றால் நிலைமை வேறு.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "அப்பா ஏன் விழுகிறார்?" எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை காரணமா, கண்புரையா? பாத்ரூமில் வழுக்காத விரிப்பு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவற்றை நீங்களே செய்யலாம். தலையில் அடிபட்டால் மட்டும், வெளியே காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாதா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் போதாது. பக்கவாதத்தை அது கொஞ்சம்தான் தடுக்கும், ரத்தக்கசிவு அபாயம் அதிலும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சில காலம் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். எந்தத் தேதியில் எதை நிறுத்துவது என்று கேட்டு வையுங்கள், அந்தத் தேதி மறந்துபோய் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ நாமே நிறுத்திக்கொள்ளலாமா?

கூடாது. ஐஎன்ஆர் 4-க்குக் கீழே இருந்தால் வார்ஃபரினை நிறுத்தாமலே சாதாரணமாகப் பல் எடுக்கலாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு வார்ஃபரினை வழக்கமாக 5 நாள் முன்பும், புது மாத்திரைகளை ஓரிரு நாள் முன்பும் நிறுத்துவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கூடுதல் நாள். பல் டாக்டரையோ சர்ஜனையோ உங்கள் இதய டாக்டரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். மறுபடி எந்த நாளில் ஆரம்பிப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். நிறுத்துவதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், ஆரம்பிப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வால்வு மாற்றிய என் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. குழந்தை விஷயத்தை எப்போது பேசுவது?

கர்ப்பம் ஆவதற்கு முன்பே. வார்ஃபரினும் அசிட்ரோமும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். 6 முதல் 12 வாரம் வரை குறிப்பாகக் குழந்தையின் எலும்பு, மூக்கு வளர்ச்சியைப் பாதிக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் அதில் தாயின் வால்வில் கட்டி வரும் ஆபத்து கூடுகிறது. எந்த மாதத்தில் எது என்பதை இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்துதான் திட்டமிட முடியும். மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே பரிசோதித்து அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும், பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள். புகுந்த வீட்டாரிடமும் இதைத் தெரிவித்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வார்ஃபரின் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.

மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிக அதிகமாவதும் இந்த மாத்திரையில் உண்டு. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் மாதாமாதம் நான்கைந்து நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

தினம் ஒரு வேளை மாத்திரை என்றால், அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிட்டு வழக்கமான அளவைத் தொடருங்கள். இரண்டு வேளை மாத்திரையில், அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம். மறந்ததற்குச் சேர்த்து நீங்களாக இரண்டாகப் போடக் கூடாது.

எதற்கெல்லாம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது?

பல் தேய்க்கும்போது லேசான ரத்தம், கையில் சிறு நீலத் தழும்பு என்றால் அன்றோ மறுநாளோ போன் செய்து சொல்லலாம். மூக்கில் ரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, சிறுநீர் சிவந்திருக்கிறது, வாந்தியில் ரத்தம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி என்றால் உடனே அவசரப் பிரிவு. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், பீட்ரூட்டால் சிறுநீர் சிவக்கும். சந்தேகம் என்றால் போய்ப் பார்த்துவிடுவதே மேல்.)

வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது என்றால் 108க்கு அழையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் அவகாசம். இந்த மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஊசியைப் போடலாமா என்பதே, என்ன மருந்து, கடைசியாக எப்போது போட்டார் என்பதைப் பொறுத்தது. அதனால் மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்று எழுதிய ஒரு சீட்டு பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். நம்பிக்கையான ஒருவரின் போன் நம்பரையும் அதில் சேருங்கள்.

எல்லாம் கேட்டும் டாக்டர் "சொன்னதைச் செய்யுங்க" என்று முடித்துவிடுகிறார். என்ன செய்ய?

வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பது துரோகம் இல்லை. எக்கோ, ஈசிஜி, ஐஎன்ஆர் ரிப்போர்ட்டுகளின் நகலை எடுத்துப் போங்கள். அந்தப் பதில் கிடைக்கும்வரை மட்டும், இப்போது எழுதியிருக்கும் அளவை விடாமல் போடுங்கள்.